செம்பு உண்டவர்களின் நாடு

ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே, காங்கோ சனநாயகக் குடியரசின் தென்கோடியில், கட்டாங்கா என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. 2015-இல் அது நான்கு மாநிலங்களாகப் பிரிக்கப்பட்டது; ஆயினும் பழைய பெயர் வழக்கொழியவில்லை. இன்று உலகம் தோண்டியெடுக்கும் கோபால்ட் உலோகத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது காங்கோ என்னும் இந்த ஒரு நாட்டிலிருந்து, அதிலும் இந்த ஒரு மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. நம் கைப்பேசியின் மின்கலத்தில் அது சில கிராம் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் மகிழுந்துகள் பலவற்றில் சில கிலோ இருக்கிறது.

லித்தியம் மின்கலத்தில் கோபால்ட்டைப் பயன்படுத்தும் வழியை 1980-இல் ஆக்ஸ்போர்டில் கண்டவர் ஜான் குடினஃப். 1991-இல் சோனி நிறுவனம் அத்தகைய மின்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2019-இல் குடினஃபும் அவருடன் வேறு இருவரும் இதற்காகவே நோபல் பரிசு பெற்றனர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் காற்றைக் கெடுத்த மனித குலத்துக்கு இது நல்ல செய்தி என்பதில் நமக்கு ஐயமில்லை. புகை விடாத வண்டியைக் குறைகூற நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. ஆனால் நம் தெருவில் இல்லாது போன நஞ்சு வேறு எவர் தெருவில் தங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கட்டாங்காவின் வரலாற்றைப் புரட்டினால், இக்கேள்வி புதியதன்று என்பது தெரியவரும். நூறாண்டுகளுக்கும் மேலாக உலகம் ஏதேனுமொரு நல்ல தேவையின் பெயரால் அந்த மண்ணைத் தோண்டி வந்திருக்கிறது. பொருள் வெளியே போயிற்று. கழிவு அங்கேயே தங்கிற்று.

முதலில், உலகம் அங்கே வருவதற்கு முந்திய காலத்தைப் பார்ப்போம். கட்டாங்காவின் செப்பு மலைகளில் மரங்கள் வளர்வதில்லை. சுற்றிலும் காடிருக்க, மலையுச்சி மட்டும் புல் மூடிய மொட்டைத் தலையாக நிற்கும். அங்கே செம்பிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பச்சை நிற மாலக்கைட்டுக் கல்லைத் தோண்டியெடுத்து, ஓடை நீரில் கழுவி, களிமண் உலையில் மரக்கரியிட்டு, துருத்தி ஊதி உருக்கும் கலையை அம்மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். உருகிய செம்பைச் சிலுவை வடிவ வார்ப்பில் ஊற்றினர். அச்செப்புச் சிலுவைகளே அங்கே நாணயம். மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமும் அவையே. லுவலாபா ஆற்றங்கரையின் பழைய கல்லறைகளில், இறந்தோரின் உடலோடு அவை வைக்கப்பட்டிருப்பதை அகழ்வாய்வாளர்கள் கண்டுள்ளனர். (சிலுவை வடிவைக் கண்டு, கிறிஸ்தவம் முன்பே அங்கு போயிருந்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.)

இத்தொழிலைச் செய்தோரைப் பற்றி 1926-இல் ஒரு கட்டுரை எழுதியவர், ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ழான் பெலிக்ஸ் தெ எம்ப்தின். 1910-இல் கட்டாங்காவுக்கு மறைபரப்பாளராக வந்து, பின்னர் ஆயராகி, 1958-இல் மறைந்தவர். தம் கட்டுரைக்கு அவரிட்ட தலைப்பு, ‘கட்டாங்காவின் செம்பு உண்போர்’ என்பது. உருக்குவோரைக் குறிக்க அம்மக்களிடையே இருந்த பேச்சிலிருந்தே அதை எடுத்தார். சோள அறுவடை முடிந்து வறண்ட காலம் தொடங்கியதும், ‘செம்பு உண்ணப் போவோம்’ என்று தலைவன் அறிவிப்பான். ஊரே மலையடிவாரத்துக்குப் பெயரும். மலையின் ஆவிகளுக்கு வேண்டுதல் செய்வர். ஆடவர் தோண்ட, பெண்டிரும் பிள்ளைகளும் கல்லைப் பொறுக்கிக் கழுவுவர். மழை தொடங்கியதும் உலைகளை அப்படியே விட்டுவிட்டு விதைப்புக்குத் திரும்புவர்.

அக்காலத்தைப் பொற்காலமென்று நாம் சொல்ல வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நிலத்தை ஆண்ட ம்சிரி என்னும் மன்னன் செம்போடு தந்தத்தையும் அடிமைகளையும் விற்றவன். ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. செம்பு உண்டவர்கள் ஒரு பருவம் உண்டு, ஒரு பருவம் நிறுத்தினர். அவர்கள் விட்டுச்சென்ற உலைக்களங்கள் சிறியன. செம்பு மிகுந்த அம்மண்ணில், வேறு செடிகள் பிழைக்காத இடத்திலும், தும்பைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி ஊதாப் பூப்பூத்து நிற்கும். அச்செடியைத் தேடிப் போய்ப் பழைய உலைக்களங்களைக் கண்டுபிடித்த ஆய்வாளர் உண்டு. கட்டாங்காவின் செப்பு மலைகளில் 600-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் வளர்வதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் முப்பதளவு, செப்பு மண்ணிலன்றி உலகில் வேறெங்கும் வளராதவை. சுரங்கம் அம்மலையை எடுத்துவிட்டால், அவ்வினத்துக்குப் போக வேறு மலையில்லை.

1891 டிசம்பர் 20 அன்று, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் பொருட்டு வந்த படையொன்றின் அதிகாரி ம்சிரியைச் சுட்டுக் கொன்றார். மறு ஆண்டு ழூல் கொர்னே என்னும் இளம் நிலவியலார் அம்மலைகளை ஆராய்ந்தார். ஒரே இடத்தில் இத்தனை கனிமம் குவிந்திருப்பது நிலவியலுக்கே அடுக்காத செயல் என்னும் பொருளில் அவர் சொன்னதாக ஒரு சொற்றொடர் இன்றளவும் வழங்குகிறது. 1906-இல் ‘மேல் கட்டாங்காச் சுரங்க ஒன்றியம்’ என்னும் நிறுவனம் தோன்றியது. 1910-இல் தெற்கிலிருந்து இருப்புப்பாதை வந்தது. எலிசபெத்வில் என்னும் நகரம் எழுந்தது. இன்று அதன் பெயர் லுபும்பாஷி. 1911-இல் உருக்காலை முதற்செம்பை வார்த்தது.

உலகுக்கு அப்போது செம்பு எதற்கு? மின்கம்பிக்கு. இருளை அகற்றும் விளக்குக்கு. தொலைவில் இருப்போரை இணைக்கும் தந்திக்கு. இவற்றை யார் தீயதென்பார்? உருக்காலையின் புகைபோக்கி 150 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதனருகே உருக்கியபின் எஞ்சிய கசடு கருமலையாக வளர்ந்தது. புகைபோக்கியும் கருமலையும் அந்நகரின் அடையாளமாகி, படங்களில் இடம்பெற்றன. உருக்காலை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எரிந்தது. கந்தகப் புகையும், செம்பு, ஈயம், காட்மியம், ஆர்சனிக் முதலியன கலந்த தூசும் தென்கிழக்குக் காற்றில் ஏறி, வடமேற்கே ஒரு கூம்பு போல விரிந்து படிந்தன. அக்கூம்பின் கீழிருந்த காடு பட்டுப்போயிற்று. மழை வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. பெங்கா பெங்கா என்னும் பகுதியில் வெறுந்தரையே எஞ்சியது. ஆய்வாளர் அதை ‘மாசுக் கூம்பு’ என்றே எழுதுகின்றனர்.

உலைக்கும் இயந்திரங்களுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. 1930-இல் லுபிரா ஆற்றின் குறுக்கே ம்வாதிங்குஷாவில் அணை கட்டினர். ட்சங்கலேலே ஏரி உண்டாயிற்று. லிக்காசி நகரத்துச் சுரங்க ஆலைகளின் கழிவு பாண்டா ஆற்றின் வழியே லுபிராவைச் சேர்ந்து, அவ்வேரியில் படிந்தது. ஏரியோரத்து மக்கள் மீன்பிடித்து வாழ்பவர்கள். அம்மீன்களில் கோபால்ட்டும் செம்பும் மிகுந்திருப்பதைப் பின்னாளில் ஆய்வாளர் கண்டனர். 1982-இல் இன்னொன்று முடிந்தது. காங்கோ ஆற்றின் இங்கா அணையிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பியிழுத்து, கட்டாங்காச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். கம்பிக்குக் கீழிருந்த ஊர்களுக்கு அதிலிருந்து விளக்கு எரியவில்லை. அவர்கள் காட்டை வெட்டிக் கரி சுட்டனர். நகரத்து அடுப்புகளும் கரியையே நம்பின. சுரங்கம் தின்ற காடு ஒரு பங்கென்றால், சுரங்க நகரங்களின் அடுப்பு தின்ற காடு அதைவிடப் பெரும் பங்கு. இதைச் சுரங்கத்தின் கணக்கில் சேர்ப்பார் குறைவு; சேர்ப்பதே முறை என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் திருச்சபையைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. பெல்ஜியக் காங்கோவில் அரசு, நிறுவனம், மறைபரப்புப் பணித்தளம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. தொழிலாளர் குடியிருப்புகளின் பள்ளிகளை நிறுவனம் ஆசீர்வாதப்பர் சபையாரிடம் ஒப்படைத்தது. அவர்கள் எழுத்தறிவித்தார்கள், தொழில் கற்பித்தார்கள், நோயுற்றோரைப் பேணினார்கள். நன்மைகள் உண்மையானவை. ஆனால் 1941 டிசம்பரில் கூலி உயர்வு கேட்டு எலிசபெத்வில்லில் கூடிய தொழிலாளர்மீது படையினர் சுட்டு, அரசின் கணக்கிலேயே 48 பேர் இறந்தபோது, ஆயர் தெ எம்ப்தின் குடியேற்ற ஆட்சியின் பக்கமே நின்றார். கூலிக்காக எழாத குரல் பட்டுப்போன காட்டுக்காக எழுந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். செம்பு உண்போரைப் பற்றி அத்துணை அன்போடு எழுதிய அதே கை அது என்பதுதான் நம்மை நெடுநேரம் நிற்க வைக்கிறது.

லிக்காசிக்கு அருகே சின்கொலொப்வே என்றொரு சுரங்கம் உண்டு. அங்கே 1915-இல் யுரேனியம் கண்டறியப்பட்டது. முதலில் வேண்டப்பட்டது யுரேனியமன்று, அதனோடிருந்த ரேடியம். புற்றுநோய் மருத்துவத்துக்கு அது தேவைப்பட்டது. மீண்டும் ஒரு நல்ல தேவை! யுரேனியம் அப்போது பெரிதும் வேண்டாப் பொருள். போர் மூண்டதும் நிறுவனத்தின் தலைவர் எட்கார் செஞ்சியே, ஏறத்தாழ 1,200 டன் தாதுவை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அனுப்பி வைத்தார். 1942-இல் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தினர் அதை வாங்கினர். மேலும் மேலும் கேட்டனர். ஹிரோஷிமாவின்மீது விழுந்த குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி கட்டாங்காவின் மண்ணிலிருந்து போயிற்று. 1960-இல் காங்கோ விடுதலை பெற்றபோது சுரங்கம் மூடப்பட்டது. கதை அதோடு முடியவில்லை. 1990-களின் இறுதியில் ஏழைகள் மண்வெட்டியோடு அங்கே திரும்பி வந்தனர். இம்முறை அவர்கள் தேடியது கோபால்ட். 2004 சனவரியில் குடியரசுத் தலைவர் ஆணையிட்டு அதைத் தடை செய்தார். அதே ஆண்டு சூலையில் மண் சரிந்து எட்டுப் பேர் இறந்தனர். தடை செய்யப்பட்ட, கதிர்வீச்சுள்ள குழிக்குள் மனிதர் இறங்கியிருந்தனர் என்றால், அவர்களுக்கு வேறு வாழ்வு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாமே எண்ணிக்கொள்ளலாம்.

அவர்கள் ஏன் மண்வெட்டியோடு வந்தனர் என்பதற்கும் காரணம் உண்டு. 1967 தொடக்கத்தில் சுரங்க ஒன்றியத்தின் உடைமைகள் நாட்டுடைமையாயின. பிறகு ஜெக்காமின் என்று பெயர்பெற்ற அரசு நிறுவனம் பள்ளி, மருத்துவமனை, மாவு மூட்டை எல்லாம் வழங்கிய தாய் வீடாக இருந்தது. மொபூட்டு ஆட்சி அதன் வருவாயை உறிஞ்சியது. பழுதான பொறிகள் பழுதாகவே கிடந்தன. 1990-இல் கொல்வேசி அருகே கமோட்டோ நிலத்தடிச் சுரங்கம் இடிந்து விழுந்தது. ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன்னுக்கு மேல் செம்பெடுத்த நிறுவனம், சில ஆண்டுகளில் அதில் பத்திலொரு பங்கைக்கூட எட்டவியலாமற் போயிற்று. ஊதியம் நின்ற தொழிலாளர் என்ன செய்வர்? தாங்கள் அறிந்த ஒரே தொழிலை, தாமே செய்தனர். 2002-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கையால் தோண்டுவோருக்கும் இடமளித்தது. அதற்குள் மின்கலச் சந்தை வளர்ந்துகொண்டிருந்தது. செம்பு உண்போர் மீண்டும் வந்துவிட்டனர் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் இவர்களுக்கு மழைக்காலத்தில் திரும்பிச்செல்ல வயல் இல்லை.

கோபால்ட் என்னும் சொல்லின் பிறப்பை இங்கே நினைவுகூர்வது தகும். செருமானிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சிலவகைத் தாதுவை உருக்கியபோது, வெள்ளி வராமல் நச்சுப்புகை வந்தது. நிலத்தடிக் குறளிப் பேய் ஏமாற்றிவிட்டது என்று நம்பி, அப்பேயின் பெயரான ‘கோபோல்ட்’ என்பதையே அத்தாதுவுக்கு இட்டனர். அந்நஞ்சு தாதுவிலிருந்த ஆர்சனிக்கின் வேலை. கட்டாங்காவின் கோபால்ட் பெரும்பாலும் ஹெட்ரோஜெனைட் என்னும் கரிய தாதுவாகச் செம்போடு கலந்து கிடக்கிறது. அதை அரைத்து, கந்தக அமிலத்தில் ஊறவைத்து, உலோகத்தைக் கரைத்துப் பிரிக்கின்றனர். கந்தக அமிலம் லாரி லாரியாக அம்மண்ணுக்குப் போகிறது. உலோகம் பிரிந்தபின் எஞ்சுவது, அமிலமும் உலோகத் துணுக்குகளும் கலந்த சேறு. அதைத் தேக்கிவைக்கக் குளம் வேண்டும். குளத்துக்குக் கரை வேண்டும். கரை என்றென்றும் நிற்க வேண்டும்.

கரை நிற்பதில்லை. கொல்வேசியில் லுயிலு என்னும் ஆறு உண்டு. அதன் கரையில் பழைய ஆலையொன்று. சுவிட்சர்லாந்துக் கத்தோலிக்கரின் தவக்கால நிதி அமைப்பும், அங்குள்ள சீர்திருத்தச் சபைகளின் அமைப்பொன்றும் இணைந்து, அவ்வாலையின் அமிலக் கழிவு ஆற்றில் கலப்பதை 2012-இல் அறிக்கையாக வெளியிட்டன. ஆலையை ஏற்று நடத்திய நிறுவனம், முந்தையோர் விட்டுச்சென்ற குறை அது, சரிசெய்துவிட்டோம் என்றது. முந்தையோர் விட்டுச்சென்றது என்பது பொய்யன்று. இந்நூறாண்டு வரலாற்றில் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரைக் கைகாட்ட முடிகிறது. ஆறு மட்டும் எவரையும் கைகாட்ட முடியாமல் ஓடுகிறது. 2025 பிப்ரவரி 18 அன்று, எல்லைக்கு அப்பால் சாம்பியாவில், இதே கனிமப் பட்டையிலுள்ள செப்பு ஆலையொன்றின் கழிவுக்குளம் உடைந்து, அமில நீர் காபுவே ஆற்றில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. கிட்வே நகருக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டது. அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து சுண்ணாம்பு தூவினர். அதே ஆண்டு நவம்பரில் லுபும்பாஷி நகரிலேயே கழிவுக்குளமொன்றின் நீர் குடியிருப்புத் தெருக்களில் பாய்ந்தது. அரசு அந்நிறுவனத்தின் பணிகளை நிறுத்தி வைத்தது.

நீர் கண்ணுக்குத் தெரிகிறது. தூசு தெரிவதில்லை. லுபும்பாஷிப் பல்கலைக்கழகத்து மருத்துவர் செலஸ்தின் பன்சாவும், பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெனுவா நெமரியும், அவர்தம் குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் 3 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த மக்களின் சிறுநீரில் கோபால்ட் இருந்த அளவு, தொழிலாளர் அல்லாத பொதுமக்களிடம் அதுவரை எங்கும் கண்டிராத அளவு. 2014-இல் கொல்வேசியின் கசுலோ பகுதியில், ஒருவர் தம் வீட்டு நிலத்தைத் தோண்டுகையில் கரிய தாது வெளிப்பட்டது. சில மாதங்களுக்குள் தெருவெங்கும், வீட்டு முற்றத்திலும் அறைக்குள்ளும்கூட, குழிகள் முளைத்தன. அக்குழுவினர் அங்கும் சென்றனர். குழிகளுக்கு நடுவே வாழ்ந்த குழந்தைகளின் உடலில் கோபால்ட் மிகுந்திருந்ததையும், அவர்களின் மரபணுப் பொருளில் சேதத்தின் அடையாளங்கள் தென்பட்டதையும் 2018-இல் எழுதினர். 2020-இல் வந்த மூன்றாம் ஆய்வு இன்னும் கொடிது. லுபும்பாஷியில் பிறவிக்குறையோடு பிறந்த குழந்தைகளையும் குறையின்றிப் பிறந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தந்தை சுரங்கம் சார்ந்த தொழில் செய்த குடும்பங்களில் அக்குறைக்கான வாய்ப்புப் பன்மடங்கு கூடியிருந்தது. எந்த உலோகம், எவ்வழியே என்பது இன்னும் தெளிவாகவில்லை என்று அவர்களே அடக்கத்தோடு எழுதியுள்ளனர். விலையை இங்கே செலுத்துவோர் இன்னும் பேசக் கற்காதவர்கள்.

இதற்கு மறுமொழியாக, கோபால்ட் இல்லாத மின்கலம் வந்துவிட்டதே என்பார் உண்டு. உண்மை. இரும்பும் பாஸ்பேட்டும் கொண்ட மின்கலங்கள் இன்று பெருகி வருகின்றன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் உலகம் நாளையே கோபால்ட்டைக் கைவிட்டாலும் கட்டாங்காவின் கழிவுக்குளம் வற்றாது, கருமலை கரையாது, மண்வெட்டி ஏந்தியவனின் உலையில் அரிசி வேகாது. செம்பின் விலை வீழ்ந்த 1970-களிலும், அரசு நிறுவனம் நொடித்த 1990-களிலும் இதை அம்மக்கள் கண்டவர்களே. தேவை வந்தபோது நோயும், தேவை போனபோது பசியும் அவர்கள் பங்காயின. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில், வடநாடுகள் தென்னாடுகளுக்குச் சுற்றுச்சூழல் கடன் பட்டிருக்கின்றன என்றார். 2023 சனவரி 31 அன்று கின்ஷாசாவில் நின்று, ஆப்பிரிக்கா உரித்தெடுக்கப்படும் சுரங்கமன்று என்று சொன்னார். கடன் என்ற சொல்லை அவர் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றே நாம் கொள்கிறோம். கடனென்றால் கணக்கு வேண்டும்: ஒரு டன் கோபால்ட்டின் விலைக்குள் அது விட்டுச்செல்லும் சேற்றைக் காப்பதற்கான செலவும் அடங்க வேண்டும். இன்று அச்செலவை எழுத எந்த விலைச்சீட்டிலும் இடமில்லை. மின்வண்டி வாங்கும் நாமும், விற்கும் நிறுவனங்களும், உரிமம் வழங்கும் காங்கோ அரசும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

பெங்கா பெங்காவின் வெறுந்தரையில் ஒரு சிறு பணி நடந்திருக்கிறது. லுபும்பாஷிப் பல்கலைக்கழகத்து வேளாண் ஆய்வாளர்கள் பெல்ஜிய அறிஞர் சிலரோடு சேர்ந்து, நஞ்சேறிய அம்மண்ணில் சுண்ணாம்பும் மக்கிய உரமும் இட்டு, அந்நாட்டுப் புல்வகை மூன்றை நட்டுப் பார்த்து, 2010-இல் அதன் முடிவை வெளியிட்டனர். உலோகத்தைப் புல் உறிஞ்சித் தீர்த்துவிடும் என்பது அவர்கள் எண்ணமன்று. வேரால் மண்ணைப் பிடித்து, தூசு பறக்காமலும் மழை அரிக்காமலும் நஞ்சை அதன் இடத்திலேயே இருத்திவைக்கும் என்பதே. அம்மூன்றில் இரண்டின் பெயர் நமக்குப் பழக்கமில்லை. மூன்றாவது, நம் வரப்புகளில் கேட்பாரற்றுப் படரும் அறுகம்புல்.